வன்னியில் குழல் பழகுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கங்களில் புல்லாங்குழல் பழகும் பிள்ளைகளும், அவர்களைக் கூட்டிக்கொண்டு வரும் பெற்றோரும், வேலை முடிந்து பின்னேரங்களில் பழகும் பெரியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். குழல் என்று சொல்வதெல்லாம் கர்நாடக இசைக்குரிய எட்டுத் துளைக் குழலைத்தான். அந்த எட்டு, விரல் துளைகளின் கணக்கு. ஊதும் துளை வேறு. கடைசித் துளையை யாரும் மூடுவதில்லை, அது திறந்தே இருக்கும்.

மகளுக்கு எட்டு வயது. எந்தக் குழல் வாங்குவது?

குழலைக் கட்டைக் கணக்கில்தான், அதாவது சுருதியின் அளவைச் சொல்லித்தான், கேட்டு வாங்க வேண்டும். கட்டை கூடக் கூடக் குழல் சிறுக்கும், சுருதி ஏறும். சின்னக் கைக்கு ஆறு கட்டை வசதி. பன்னிரண்டு வயதுக்கு மேல் என்றால் ஐந்து கட்டையில் தொடங்கலாம். இரண்டு கட்டை, ஒன்றரைக் கட்டைப் பெரிய குழல்களின் சத்தம் மனதை இழுக்கும்தான். ஆனால் துளைகளுக்கு நடுவே இடைவெளி அதிகம், மூச்சும் கனக்கக் கேட்கும். முதல் இரண்டு மூன்று வருடம் அந்த ஆசை வேண்டாம்.

திருவிழாக் கடைகளில் வர்ணம் பூசித் தொங்கும் குழல்களை விளையாட்டுக்கு வாங்குங்கள், பழகுவதற்கு வேண்டாம். வட்டாப்பளைப் பொங்கலுக்குப் போய்த் திரும்பும் பிள்ளை ஒன்று வாங்கி வந்துவிட்டதென்றால் ஒரு சோதனை செய்யலாம். ஊதும் துளைக்குக் கிட்ட உள்ள முதல் இரண்டு துளைகளை மூடி மெதுவாக ஊதினால் மத்திய ஸ்தாயி ஸட்ஜம், அதாவது நடு ஸ. அதே விரலோடு உதட்டை ஒடுக்கி ஊதினால் தார ஸட்ஜம், அதாவது மேல் ஸ. சுருதிப் பெட்டியோடு வைத்துக் கேட்கும்போது இரண்டும் ஒன்றோடொன்று சேராவிட்டால் அந்தக் குழலில் எவ்வளவு சாதகம் செய்தாலும் காது கெடும்.

ஒரு கிழமையாக ஊதுகிறேன், காற்றுத்தான் வருகிறது. சத்தம் வரவில்லை.

விரல்களை மறந்துவிடுங்கள். எல்லாத் துளைகளையும் திறந்து விட்டு, ஊதும் துளையை மட்டும் கவனியுங்கள். துளையின் கிட்டடி விளிம்பு கீழுதட்டின் ஓரத்தில் படிய வேண்டும். துளையில் கால்வாசிக்குச் சற்றுக் கூடுதலாக உதடு மூடியிருந்தால் காணும். காற்று துளைக்குள் இறங்கக் கூடாது. எதிர் விளிம்பில் பட்டு, பாதி உள்ளேயும் பாதி வெளியேயும் போக வேண்டும். அங்கேதான் நாதம் பிறக்கிறது.

கண்ணாடிக்கு முன்னால் நின்று பாருங்கள். உதட்டின் நடுவில் ஒரு சின்ன நீள்வட்ட இடைவெளி தெரிய வேண்டும். கன்னம் உப்பினாலோ, உதடு கூம்பிக்கொண்டு முன்னுக்கு வந்தாலோ காற்று சிதறும். குழலை உதட்டில் வைத்தபடி மெல்ல வெளிப்பக்கம் உருட்டுங்கள், பிறகு உள்பக்கம் உருட்டுங்கள். ஏதோ ஓரிடத்தில் சத்தம் பிடிக்கும். பிடித்ததும் குழலை எடுத்துவிட்டு, மறுபடி வைத்து, அதே இடத்தைத் தேடுங்கள். எடுப்பதும் வைப்பதும்தான் இங்கே பயிற்சி. கிடைத்த சத்தத்தை விடாமல் ஊதிக்கொண்டிருந்தால் அடுத்த நாள் அந்த இடம் உங்களுக்குத் தெரியாது.

ஊதும்போது தலை சுற்றுகிறது. சத்துக் குறைவா?

இல்லை. தொடக்கத்தில் எல்லோரும் தேவைக்கு மேல் காற்றை வேகமாக வெளியே விடுகிறார்கள். அதனால்தான் சுற்றுகிறது. குழலை வைத்துவிட்டு, இருந்து, சாதாரணமாக மூச்சு விடுங்கள், அடங்கிவிடும். உதட்டு இடைவெளி ஒடுங்க ஒடுங்கக் காற்றுச் செலவு குறையும், சுற்றும் நின்றுவிடும். வெறும் வயிற்றில் வெள்ளன எழும்பி ஊதுகிறவர்கள் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டுத் தொடங்கலாம். மாதக் கணக்கில் பழகிய பிறகும் சுற்றினால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எனக்கு ஒரு நாளைக்குக் கால்மணி நேரம்தான் கிடைக்கும். எந்தப் பயிற்சியைச் செய்வது?

நீட்டு ஸ்வரம். வேறொன்றும் வேண்டாம்.

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் வாசித்துவிட்டுப் போகிறவர்கள் இதை வாசியுங்கள். குழல் பழகுகிற பிள்ளைகளில் அரைவாசிப் பேர் விரலைப் பழக்குகிறார்கள், மூச்சைப் பழக்குவதில்லை. பாட்டு பத்துத் தெரியும், ஒரு ஸ்வரம் நேராக நிற்காது.

செய்முறை இதுதான். சுருதிப் பெட்டியைப் போடுங்கள், போனில் உள்ள செயலியும் போதும். மத்திய ஸட்ஜத்தை எடுங்கள். ஆதி தாளத்தை ஒரு விநாடிக்கு ஒரு எண்ணிக்கை என்ற வேகத்தில் காலால் போட்டுக்கொண்டு, ஒரே மூச்சில் ஒரு ஆவர்த்தனம், அதாவது எட்டு எண்ணிக்கை நிறுத்துங்கள். தொடங்கும்போது இருந்த சத்தம் முடியும்போதும் இருக்க வேண்டும். ஐந்தாவது ஆறாவது எண்ணிக்கையில் சுருதி இறங்கும். மூச்சு முடியப் போகிறது என்று உடம்புக்குத் தெரிந்ததும் காற்றின் வேகம் குறைவதால் வரும் இறக்கம் அது. அந்த இடத்தில் வயிற்றை மெல்ல உள்ளே இழுத்துக் காற்றைத் தாங்கி, உதட்டை இன்னும் கொஞ்சம் ஒடுக்க வேண்டும். எட்டு நேராக வந்த பிறகு பன்னிரண்டு, பிறகு பதினாறு. பிறகு ரி, க. அதன்பின் கீழே இறங்கி மந்தர நி, த, ப, ம.

மந்தர ஸ்தாயியில் கூடுதல் நேரம் நில்லுங்கள். துளைகள் மூட மூடக் காற்று மென்மையாகப் போக வேண்டும், உதடு தளர வேண்டும். காலையில் முதலில் மந்தர மத்தியமத்தை ஊதிப் பழகியவனுக்கு மற்ற ஸ்வரங்கள் தாமாக வந்து நிற்கும்.

பிறகு ஒரு மாற்றம் செய்யலாம். அதே நீட்டு ஸ்வரத்தைச் சின்னதாகத் தொடங்கி, நடுவில் பெருக்கி, மறுபடி சின்னதாக்கி முடியுங்கள். பெருக்கும்போது சுருதி ஏறப் பார்க்கும், குறைக்கும்போது இறங்கப் பார்க்கும். அதை ஏறவும் இறங்கவும் விடாமல் பிடிப்பது உதட்டின் வேலை. இது நன்றாக வர ஒரு வருடம் எடுத்தாலும் பரவாயில்லை.

மூடிய துளைகளோடு ஊதினால் கரகரக்கிறது.

எங்கேயோ காற்று கசிகிறது. முதல் ஆறு துளைகளையும் மூடிச் சற்று அழுத்தமாக ஒரு நிமிடம் பிடித்திருந்துவிட்டு விரல்களைத் திருப்பிப் பாருங்கள். ஒவ்வொரு விரலிலும் துளையின் வட்டம் பதிந்திருக்கும். முழு வட்டமாக இல்லாமல் பிறை போல் பதிந்திருக்கும் விரல்தான் குற்றவாளி. பெரும்பாலும் அது மோதிர விரலாக இருக்கும். விரல் நுனியால் மூடாதீர்கள், நுனிக்குப் பின்னால் உள்ள சதையால் மூடுங்கள். கண்டுபிடித்த பிறகு அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். இறுக்கிப் பிடிக்கிற விரல் வேகமாக எழும்பாது.

ஸ ரி க வரை நன்றாக வருகிறது. மத்தியமத்தில் உடைகிறது. ஏன்?

இது எல்லோருக்கும் உடையும் இடம்தான். காரணம் தெரிந்தால் பயம் போய்விடும்.

ஸட்ஜத்துக்கு இரண்டு துளை மூடியிருக்கும், ரிஷபத்துக்கு ஒன்று, காந்தாரத்துக்கு எல்லாம் திறப்பு. அதற்கு மேல் திறக்கத் துளை இல்லை. எனவே மத்தியமத்துக்கு ஆறு துளைகளையும் ஒரேயடியாக மூடி, அதே நேரம் உதட்டை ஒடுக்கி மேல் பதிவுக்கு, அதாவது அதே விரல்களில் வரும் மேல் சத்தத்துக்கு, தாண்ட வேண்டும். விரலும் உதடும் ஒரு கணத்தில் சந்திக்க வேண்டிய இடம் குழலில் இது ஒன்றுதான். பாட்டுக்காரருக்கும் வீணைக்காரருக்கும் இந்த இடத்தில் இப்படியொரு தாண்டல் கிடையாது.

முதலில் ஊதாமல் பழகுங்கள். குழலைப் பிடித்து, எல்லா விரலையும் தூக்கி, ஆறையும் ஒரே நேரத்தில் துளைகளில் போடுங்கள். அமைதியான அறையில் மூங்கிலில் விரல் விழும் சத்தம் கேட்கும். 'டப்' என்று ஒரு சத்தம் கேட்க வேண்டும். 'டடப்' என்று கேட்டால் ஏதோ ஒரு விரல் பிந்துகிறது. விரல்களை உயரத் தூக்காதீர்கள், துளைக்கு மேல் ஒரு விரல் தடிப்பு உயரம் போதும்.

அடுத்தது உதடு. ஆறையும் மூடியபடியே மந்தர மத்தியமம், மத்திய மத்தியமம், மறுபடி மந்தரம். விரலை அசைக்காமல் உதட்டால் மட்டும் மாறுங்கள். காற்றைப் பலமாக அடித்து மாற்றக் கூடாது. கீழ்த் தாடையை ஒரு நூல் முன்னே தள்ளி இடைவெளியை ஒடுக்கினால் தானாக மாறும்.

இரண்டும் தனித்தனியே வந்த பிறகு சேர்த்து, க ம க ம என்று ஒரு ஸ்வரத்துக்கு நான்கு எண்ணிக்கை கொடுத்து வாசியுங்கள். பிறகு ரி க ம, க ம ப, ம க ரி. இறங்கும்போது, ம விலிருந்து க வுக்கு, ஆறு விரலும் ஒன்றாக எழும்ப வேண்டும். அந்த நேரம் குழலைத் தாங்குவது உதடும், இடது ஆள்காட்டி விரலின் அடியும், கட்டைவிரல்களும்தான். குழல் ஆடினால் வலது சின்னவிரலைத் துளைக்கு அப்பால் மூங்கிலில் ஊன்றிக்கொள்ளலாம்.

முதல் ஸ்வரப் பாடமான சரளி வரிசையை மாயாமாளவகௌளை ராகத்தில் தொடங்குவதா, ஹரிகாம்போதியிலா? ஆசிரியருக்கு ஆசிரியர் வித்தியாசமாகச் சொல்கிறார்கள்.

இரண்டும் சரி. கர்நாடகக் குழலில் துளைகளை ஒவ்வொன்றாக முழுசாகத் திறந்துகொண்டு போனால் தானாக வருவது 28ஆவது மேளமான (தாய் ராகமான) ஹரிகாம்போதி. 15ஆவது மேளமான மாயாமாளவகௌளைக்குச் சுத்த ரிஷபம், சுத்த தைவதம், காகலி நிஷாதம் மூன்றும் வேண்டும். மூன்றுமே அரைத்துளை, அதாவது துளையைப் பாதி மட்டும் திறந்து எடுப்பவை. சத்தமே இன்னும் உறுதிப்படாத பிள்ளைக்கு மூன்று அரைத்துளை என்றால் சுமை அதிகம்.

என் எண்ணம்: முழுத்துளையில், ஹரிகாம்போதியில் நாதம் நிற்கட்டும். சங்கராபரணத்துக்குக் காகலி நிஷாதம் ஒன்றுதான் அரைத்துளை, ஆகவே அடுத்து அது. பிறகு மாயாமாளவகௌளை. ஆனால் பள்ளிக்கூடத்தில் சங்கீத ரீச்சர் மாயாமாளவகௌளையில் பாடிக்கொடுக்கிறார் என்றால் அதைப் பாடிப் பழகுவதை நிறுத்த வேண்டாம். வாய் முன்னே போகட்டும், குழல் பின்னால் வரட்டும்.

அரைத்துளைக்கு விரலைத் தூக்கக் கூடாது. துளைமேல் வைத்தபடியே உள்ளங்கைப் பக்கம் இழுத்து அல்லது உருட்டித் திறக்க வேண்டும். சுத்த ரிஷபத்துக்கு இரண்டாம் துளை, காகலிக்கு மூன்றாம் துளை, சுத்த தைவதத்துக்கு ஐந்தாம் துளை. எவ்வளவு திறப்பது என்பதைக் கண் சொல்லாது, சுருதியோடு கேட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

யூரியூப்பில் மூன்று துளை மூடினால் ஸட்ஜம் என்கிறார்கள். நீங்கள் இரண்டு என்கிறீர்கள்.

அவர்கள் காட்டுவது வட இந்திய பான்சுரி. அதில் விரல் துளைகள் பெரும்பாலும் ஆறு, மூன்று துளை மூடினால் ஸட்ஜம். நமது முறையில் இரண்டு. இரண்டையும் கலந்து பழகினால் விரல் குழம்பும். இணையத்தில் குழல் வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நமக்கு ஐந்து கட்டையான, அதாவது ஜி சுருதிக் குழலில், மூன்று துளை மூடினால் எஃப் வரும். பான்சுரிக்காரர் அதே அளவுக் குழலை எஃப் என்று அழைப்பார். விற்கிறவரிடம் எந்த முறை என்று கேட்காமல் எழுத்தை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம்.

மூச்சு, உதடு பற்றிய பான்சுரி வீடியோக்களைத் தாராளமாகப் பாருங்கள். அது எல்லாக் குழலுக்கும் ஒன்றுதான்.

ஸ்வரங்களை இரட்டையாக வாசிக்கும் ஜண்டை வரிசையில் ஸஸ ரிரி என்பது ஒரே நீட்டாகக் கேட்கிறது.

ஒவ்வொரு ஸ்வரத்தையும் நாக்கால் 'து, து' என்று வெட்டினால் பிரியும். நாதஸ்வரக்காரர்கள் துத்துகாரம் என்பது இதைத்தான். ஆனால் எல்லாவற்றையும் வெட்டினால் தந்தி அடிப்பது போலிருக்கும், ஜண்டைக்குரிய அழுத்தமும் வராது. இரண்டாவது ஸ்வரத்தில்தான் அழுத்தம் வேண்டும். முதல் ஸ்வரத்தை நாக்கால் எடுங்கள். இரண்டாவதை வயிற்றிலிருந்து ஒரு சின்னத் தள்ளலால் எடுங்கள். இது வந்த பிறகு மூன்றாவது வழி: இரண்டாவது ஸ்வரத்துக்கு முன் கீழ் ஸ்வரத்தின் விரலை ஒரு கணம் தட்டி எடுப்பது. கச்சேரிகளில் கேட்பது பெரும்பாலும் இதுதான். மூன்று வழியிலும் ஒரே வரிசையை வாசித்துப் பார்த்தால் வித்தியாசம் காதுக்குத் தெரியும்.

எவ்வளவு வேகம் வந்தால் அடுத்த பாடத்துக்குப் போகலாம்?

முதலாம் காலம், அதாவது மெதுவான முதல் வேகம், சுத்தமாக வந்தால் போகலாம். மூன்று காலமும் வரட்டும் என்று ஒரே வரிசையில் மாதக் கணக்கில் நிற்பதும் வீண், மூன்றாம் காலத்தில் அள்ளிக்கொட்டிவிட்டு முதலாம் காலத்தில் தடுமாறுவதும் வீண். வேகத்தில் தடக்கும் இடம் எப்போதும் இரண்டு ஸ்வரங்களுக்கு நடுவில்தான் இருக்கும். முழு வரிசையையும் திரும்ப வாசிக்காமல் அந்த இரண்டை மட்டும் எடுத்து முன்னும் பின்னும் வாசியுங்கள். பத்துக்கு எட்டுத் தடவை அந்த இரண்டு க வும் ம வும்தான்.

எங்கே மூச்சு எடுப்பது?

மூச்சு முடிகிற இடத்தில் இல்லை, வாக்கியம் முடிகிற இடத்தில். கொப்பியில் வரிசை எழுதும்போதே மூச்சு எடுக்கும் இடங்களில் மேலே ஒரு கோடு போட்டுவிடுங்கள். ஏழு அலங்காரங்களும் இதற்கு நல்ல பயிற்சி, தாளத்துக்குத் தாளம் நீளம் மாறுவதால் மூச்சு இடமும் மாறும். வாயின் இரு ஓரங்களால் சட்டென்று எடுங்கள், குழல் உதட்டை விட்டு விலகக் கூடாது. சாகித்தியம் உள்ள உருப்படி என்றால் சொல்லை நடுவில் முறிக்காதீர்கள். இதற்காகவே குழல்காரருக்குப் பாட்டின் சொல் தெரிந்திருக்க வேண்டும்.

கமகம் (ஸ்வரத்தை அசைத்து வளைப்பது) எப்போது தொடங்குவது?

பாடத் தெரிந்த அன்றைக்கு. கமகத்தை விரலில் தேடினால் ஆட்டம்தான் வரும். ஒரு பிடியை (சின்ன ஸ்வரக் கோவையை) பத்துத் தரம் வாயால் பாடி, தொண்டை எங்கே வளைகிறது என்று பார்த்து, பிறகு அதை விரலின் இழுப்பிலும் குழலின் சின்ன உருட்டலிலும் கொண்டுவர வேண்டும். குரல் நல்லதா கெட்டதா என்பது இங்கே பிரச்சினை இல்லை. கூச்சப்படுகிற பெடியங்கள்தான் கனக்க. அறைக்குள் இருந்து பாடுங்கள், யாரும் பரிசு தரப் போவதில்லை.

கிட்டடியில் ஆசிரியர் இல்லை. மல்லாவியிலிருந்து ஒவ்வொரு கிழமையும் கிளிநொச்சி போகவும் முடியாது.

மாதத்துக்கு ஒரு தடவை நேரே போய்க் காட்டுங்கள், நடுவில் சூம் வகுப்பு வைத்துக்கொள்ளுங்கள். உதடு, பிடிப்பு, விரல் மூன்றையும் நேரில்தான் திருத்த முடியும். சூமில் சத்தம் பிந்தி வரும், ஆகவே சேர்ந்து வாசிக்க முடியாது. அதோடு நீண்ட ஒரே ஸ்வரத்தை இரைச்சல் என்று நினைத்து அந்தச் செயலி அமுக்கிவிடும். அமைப்பில் இரைச்சல் நீக்கலை நிறுத்திவிடுங்கள். நெற்வேர்க் சரியில்லாத இடம் என்றால் வாசித்ததைப் போனில் பதிந்து ஆசிரியருக்கு வட்சப்பில் அனுப்புவது சூமை விட நல்லது. அனுப்ப முன் நீங்களும் ஒருக்கா கேட்பீர்கள், பாதித் திருத்தம் அங்கேயே நடந்துவிடும்.

எந்த நேரத்தில் பழகுவது? விடிய வயலுக்குப் போகவேண்டும்.

விடிய முடியாவிட்டால் இரவு. காலபோக விதைப்பும் அறுவடையும் நடக்கும் கிழமைகளில் ஒரு மணி நேரம் என்று அட்டவணை போட்டு யாரும் காப்பாற்றியதில்லை. அந்த நாட்களில் பத்து நிமிட மந்தர நீட்டு ஸ்வரம் மட்டும் போதும், உதடு மறக்காது. கிழமை முழுக்க விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் ஊதினால் உதடு வீங்குவதுதான் மிச்சம்.

இடத்தைப் பற்றி ஒன்று. இரணைமடுக் குளக்கட்டில் நின்று வாசிப்பது படம் எடுக்க வடிவு. ஆனால் சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசும் மாதங்களில் வெளியே குழல் பேசாது. குறுக்கே வரும் காற்று ஊதும் துளையின் விளிம்பில் உங்கள் காற்றைத் தள்ளிவிடும். சுவருக்குள், காற்றுக்கு முதுகு காட்டி இருந்து பழகுங்கள். கோயில் ஒலிபெருக்கி போகும் நேரத்தில் சுருதிப் பெட்டி கேட்காது, அப்போது ஊதாமல் விரல் பயிற்சி செய்யலாம்.

காலையில் சுருதி சேர்ந்த குழல் மத்தியானம் ஏறிவிடுகிறது.

குழலில் குறையில்லை, வெக்கைதான். சூடான காற்றில் ஒலி வேகமாகப் போகும், அதனால் குழலின் சுருதி ஏறும். ஒரு பாகை செல்சியஸுக்கு ஏறக்குறைய மூன்று சென்ற். அடுத்தடுத்த இரண்டு ஸ்வரத்தானங்களுக்கு நடுவே 100 சென்ற் என்பது கணக்கு. விடியற்காலைக்கும் உச்சி வெயிலுக்கும் பத்துப் பாகை வித்தியாசம் என்றால் முப்பது சென்ற், காது உள்ள எவருக்கும் தெரியும். தனியே பழகும்போது சுருதிச் செயலியைக் கொஞ்சம் ஏற்றி வையுங்கள். வயலினோடு சேர்ந்தால் முதலில் குழலை ஊதிச் சூடாக்கிவிட்டு, வயலினைக் குழலுக்குச் சேர்க்கச் சொல்லுங்கள். ஆர்மோனியத்தோடு என்றால் அது குழலுக்காக ஏறி வராது. குழலை உள்பக்கம் சற்று உருட்டினால் சுருதி இறங்கும், ஆனால் நாதமும் கொஞ்சம் மங்கும்.

எஸ்லோன் (பிவிசி) பைப்பில் செய்த குழல் பரவாயில்லையா?

பழகுவதற்குப் பரவாயில்லை. வெடிக்காது, பள்ளிக்கூடப் பையில் போட்டுக்கொண்டு போகலாம், கழுவலாம். துளைகள் சரியான அளவில், ஊதும் துளையின் விளிம்பு பிசிறில்லாமல் கூராக இருக்கிறதா என்பதுதான் முக்கியம். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை குழலோனைப் பற்றிச் சொல்லுமிடத்தில் அடியார்க்குநல்லார் உரையைப் பாருங்கள். மூங்கிலோடு சந்தனம், வெண்கலம், செங்காலி, கருங்காலி என்று ஐந்தைச் சொல்கிறார். வெண்கலத்தில் ஊதலாம் என்றால் இதில் ஊதினால் என்ன? ஆனால் அவரும் மூங்கிலைத்தான் உயர்வாக வைக்கிறார். அரைத்துளையும் கமகமும் தொடங்கும்போது நல்ல மூங்கில் குழலுக்கு மாறிவிடுங்கள்.

சண்டைக் காலத்தில் விரல் ஒன்றை இழந்தேன். குழல் பழக முடியுமா?

பெரும்பாலும் முடியும். கணக்கைப் பாருங்கள். இடது கையின் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள் முதல் மூன்று துளைகளுக்கு. வலது கையின் நான்கு விரல்கள் அடுத்த நான்குக்கு. ஏழாம் துளையை மூடினால் கிடைப்பது மந்தர காந்தாரம் மட்டும், அது இல்லாமலும் நிறைய வாசிக்கலாம். ஆகவே கட்டைவிரல் தவிர ஒவ்வொரு கையிலும் மூன்று விரல்கள் இருந்தால் ஆறு துளையும் மூடலாம்.

வலது சின்னவிரல் இல்லாவிட்டால் ஒன்றும் மாற்ற வேண்டியதில்லை, ஏழாம் துளை திறந்தே இருக்கட்டும். வலது மோதிர விரல் இல்லாவிட்டால் ஆறாம் துளைக்குச் சின்னவிரல். இடது கையில் ஒரு விரல் இல்லாவிட்டால், அந்தக் கையில் வேலையில்லாமல் இருக்கும் சின்னவிரலை மூன்றாம் துளைக்குக் கொண்டுவர வேண்டும். அது எட்டாது என்று தோன்றினால், குழல் செய்கிறவரிடம் அந்த ஒரு துளையை நேர்கோட்டிலிருந்து சற்று விலக்கிப் போடச் சொல்லுங்கள். விரல் இருந்தும் நுனியில் உணர்ச்சி இல்லாதவர்களுக்குத்தான் கூடுதல் சிரமம், துளை மூடியதா என்பது தெரியாது. அவர்களுக்குக் காதுதான் துணை. ஒவ்வொரு விரலாக மூடி, சத்தம் தெளிகிறதா என்று கேட்டுக் கேட்டு மெதுவாகப் பழக வேண்டும். கட்டை கூடிய சிறிய குழலை எடுத்தால் துளைகள் கிட்டவாக இருக்கும்.

இடது கைப் பழக்கம் உள்ளவர்களும் கேட்பதுண்டு. துளைகள் நேர்கோட்டில் இருந்தால் குழலை இடப்பக்கம் பிடித்தும் வாசிக்கலாம்.

நெஞ்சில் காயம் பட்டவர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள்?

மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். அவர் சரி என்றால் சிறிய குழல், குறுகிய நேரம், இருந்துகொண்டு. குழலுக்குப் பலமான மூச்சு தேவையில்லை, அளவான மூச்சுத்தான் தேவை.

வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைக்கு ஆயத்தப்படுத்துகிறோம். பரீட்சைக்கு முன் எதைப் பழகுவது?

தரத்துக்குரிய பாடங்களை ஆசிரியர் சொல்வார். நான் சொல்வது பழக்கத்தைப் பற்றி. பரீட்சை அறையில் பிள்ளை சூடாகாத குழலோடு, வரண்ட உதட்டோடு போய் இருக்கிறது. முதல் ஸ்வரமே ஊமையாகிவிட்டால் பதற்றம் கூடும். எனவே கடைசி இரண்டு கிழமையில், நாளுக்கு ஒரு முறையாவது எந்த ஆயத்தமும் இல்லாமல் குழலை எடுத்து நேரே ஒரு அலங்காரத்தை வாசிக்கச் சொல்லுங்கள். தாளம் போடும் கை குழலில் இருப்பதால் காலால் தாளம் போடும் பழக்கமும் முன்பே வேண்டும்.

யாரைக் கேட்டுப் பழகலாம்?

மாலி என்ற டி. ஆர். மகாலிங்கம் (1926–1986). மனிதக் குரல் போகும் வழியெல்லாம் குழலும் போகும் என்று காட்டியவர். அவரிடம் பழகிய என். ரமணி (1934–2015) தொடக்கக்காரருக்கு இன்னும் நல்லது, ஸ்வரம் சுத்தமாக, எண்ணிவிடலாம் போலக் கேட்கும். நீண்ட பெரிய குழலைக் கர்நாடகக் கச்சேரிக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான். சாகித்தியம் எப்படிக் குழலில் பேசும் என்று அறிய டி. விசுவநாதனைக் (1927–2002) கேளுங்கள். சிக்கில் சகோதரிகளையும் விடாதீர்கள். இவர்களுக்கெல்லாம் முன்னால், குழலைத் தனிக் கச்சேரி வாத்தியமாக நிறுத்தியவர் கண்பார்வை இழந்த சரப சாஸ்திரி. முப்பத்திரண்டு வயதுக்குள் வாழ்க்கை முடிந்துவிட்டது.

ஒரே பதிவைப் பல தரம் கேளுங்கள். நாளுக்கொரு புதுப் பதிவு கேட்பது பொழுதுபோக்கு.

மடுத் திருவிழாவுக்குப் பாடகர் குழாமோடு வாசிக்கக் கேட்கிறார்கள். கீபோட்காரர் 'ஜி' என்கிறார்.

ஒன்று கட்டை சி, இரண்டு டி, மூன்று ஈ, நான்கு எஃப், ஐந்து ஜி, ஆறு ஏ. நடுவில் உள்ள கறுப்புக் கட்டைகள்தான் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை. ஜி என்றால் ஐந்து கட்டைக் குழல். அவர் ஜி மைனர் என்றால் குழல் அதே, காந்தாரம் சாதாரணமாகும். அதற்கு முதல் துளையை அரையாகத் திறக்க வேண்டும். முன்கூட்டிப் பாட்டின் ஸ்வரங்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

குழல் வெடித்துவிட்டது. எப்படிக் காப்பது?

மயிர் போன்ற வெடிப்பு என்றால் அதன் இரு பக்கமும் நூலால் இறுக்கிச் சுற்றி, வெடிப்பின் மேல் ஒட்டுப்பசை ஒரு துளி விடுங்கள். வெடிப்பு ஊதும் துளைக்குள் ஓடியிருந்தால் புதுக்குழல்தான்.

வன்னியில் குழலை உடைப்பது ஈரத்திலிருந்து வரட்சிக்குச் சட்டென்று மாறுவது. ஊதி முடித்த ஈரக் குழலை மோட்டார் சைக்கிள் பெட்டியில் போட்டு வெயிலில் விடுகிறார்கள், ஒரு பின்னேரம் காணும். ஊதியதும் மெல்லிய ஈர்க்கில் சுற்றிய பருத்தித் துணியால் உள்ளே துடைத்து, துணிப்பையில் போட்டு, வீட்டுக்குள் படுக்கையாக வையுங்கள். சோளக மாதங்களில் இடைக்கிடை நல்லெண்ணெய் ஒரு துளியைத் துணியில் தொட்டு உள்ளும் புறமும் தடவலாம். ஊதும் துளையின் விளிம்பில் எண்ணெய் படக் கூடாது. வாடைக் காலத்தில் எண்ணெய் வேண்டாம். பூஞ்சணம் பிடித்தால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். ஒரே குழலை வகுப்பில் மூன்று நான்கு பிள்ளைகள் மாறி மாறி ஊதுகிறார்கள் என்றால் ஒவ்வொருவருக்கும் நடுவில் ஊதும் துளையைத் துடைக்க மறக்காதீர்கள்.